பாலன் பங்குக்கு வந்த ரின் மீன்

எங்கள் சங்கத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது. ஊரின் பழைய பொருள்களையும் பழக்கவழக்கங்களையும் அழியவிடாமல் காப்பதற்கென்று திருகோணமலை நகரத்துப் படித்தவர்கள் கூடி அமைத்த சங்கம் அது. வருடம் முழுவதும் தூங்கி வழிந்தாலும் கிறிஸ்து பிறந்த நத்தார் காலம் வந்தால் அதற்கு எங்கிருந்தோ உசார் வந்துவிடும். பாட்டுக் குழு, பாலன் குடில், ஏழைகளுக்கு உடுப்பு, ஆஸ்பத்திரி நோயாளிகளுக்குப் பலகாரம் என்று ஒரே ஆரவாரம். நான் அப்போது கன்னியர்மடப் பள்ளிக்கூடமொன்றில் சிறு பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மகளிர் பகுதிக்கு என்னைச் செயலாளராகப் போட்டிருந்தார்கள். செயலாளர் என்றால் பணியாரம் சுடுகிறவள் என்று அர்த்தம்.

நான் சொல்வது குண்டு விழுந்த வருடத்து நத்தாரை. சித்திரையில் ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டுவிட்டுப் போன பிறகு நகரத்தில் பாதிப் பேர் ஓடிவிட்டார்கள். மாரி தொடங்கத்தான் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். அரிசி கூப்பனுக்கு. மண்ணெண்ணெய் மருந்துக்கும் இல்லை. இருட்டினால் ஒரு பொட்டு வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது, தெரிந்தால் காவல்காரர் விசில் ஊதிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

ஆனால் நத்தார்ப் பாட்டு கூட்டுக்குள் வைத்த விளக்குகளோடுதான் வீதி சுற்றவேண்டும், அதுதான் ஆதிகாலத்து முறை என்று எங்கள் தலைவர் ஒற்றைக் காலில் நின்றார். ஆகவே பட்டப்பகலில், எரியாத விளக்குகளைத் தடிகளில் கட்டித் தூக்கிக்கொண்டு, மழை விட்ட சேற்று வீதிகளில் நாங்கள் பாடிக்கொண்டு போனோம். கடைவீதியில் நின்ற கிண்ணியா வியாபாரி ஒருவர் என்னைப் பார்த்து, "என்ன ரீச்சர், எண்ணெய் முடிஞ்சு போச்சா?" என்று கேட்டார். அவர் நல்ல மனதோடுதான் கேட்டார். எனக்கோ மானம் போய்விட்டது.

தலைவர் அரசாங்கக் கச்சேரியில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். கெட்டவர் என்று அவரைச் சொல்லவே முடியாது. பழைய கதவொன்றைக் கண்டால் கண் கலங்குகிற மனிதர். அந்தக் கதவுக்குப் பின்னால் நிற்கிற ஆள்தான் அவர் கண்ணில் படுவதில்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும், ஒரு சண்டை பிடித்துவிட்டு விலகியிருப்பேன்.

துறைமுகத்தின் உட்குடாவொன்றில் கரைவலை இழுத்துச் சீவித்த ஒரு சின்ன ஊர் இருந்தது. குண்டு விழுந்த கையோடு அந்த இடம் கடற்படைக்கு வேண்டும் என்று சனத்தை ஒரே நாளில் எழுப்பிவிட்டார்கள். நகரத்துக்கு வெளியே, கடல் கண்ணுக்கே தெரியாத ஒரு பற்றைக்காட்டு ஓரத்தில் அவர்களுக்குத் தென்னோலைக் கிடுகுக் கொட்டில்கள் கிடைத்தன. சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களால் கரைவலையைத் தூக்கிக்கொண்டு வர முடியவில்லை. ஒரு ஊரே சேர்ந்து இழுக்கிற வலை அது, கயிறும் மடியுமாக ஒரு வண்டிப் பாரம் இருக்கும். தங்கள் அந்தோனியார் கோயிலுக்குள் அதைக் குவித்து வைத்துக் கதவைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் ஒரு குஞ்சு குருமானையும் உள்ளே விடவில்லை. ஆண்கள் துறைமுகத்தில் சீமெந்து மூட்டை சுமந்தார்கள். அந்த வேலையும் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

எங்கள் சங்கத்தின் நத்தார்த் தொண்டுக்கு அந்த வருடம் இந்தக் கொட்டில்கள்தான் என்று முடிவாகியிருந்தது. பிள்ளைகளின் உடுப்புக்கு அளவெடுக்க நான் அங்கே அடிக்கடி போவேன். வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியின் மனைவி என்னோடு நல்ல வாரப்பாடாகப் பழகுவாள். தலைவர் யாரையோ பிடித்து, அந்தக் குடாவுக்குள் ஒரு லொறியோடு ஒரேயொரு தரம் போய்வர அனுமதி எடுத்துவிட்டார் என்ற செய்தி எனக்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது.

"ரீச்சர், உங்கட ஆக்களுக்குப் பாஸ் கிடைச்சதாம், உண்மையே?" என்று கேட்டாள்.

"ஓம் அக்கா. கோயில் சாமான் எடுக்கவெண்டுதான் கேட்டவை."

"சாமான் கிடக்கட்டும். அந்தோனியார் நனைஞ்சாலும் எங்களோட கோவிக்கமாட்டார். வலையைக் கொண்டந்து தரச் சொல்லுங்கோ. கட்டைபறிச்சான் பக்கம் கரையில மீன்வாடி போட இடம் தாறமெண்டு எங்கட சொந்தக்காரர் சொல்லியிருக்கினம். வலை இருந்தாத்தான் போகலாம். கோயில் ஓடு உடைஞ்சு கிடக்காம். இந்த மாரியும் அதுக்குமேல ஊத்தினா நூல் உக்கிப்போகும் ரீச்சர். புதுசு கட்ட நூலுக்கு எங்க போறது? எல்லாம் பட்டாளத்துக்கெல்லோ போகுது."

இதைவிடத் தெளிவாக ஒருவர் கேட்க முடியுமா? அடுத்த கூட்டத்தில் நான் எழுந்து நின்று இதையே சொன்னேன். முதலில் வலையை ஏற்றுங்கள், இடம் மிஞ்சினால் மற்றவற்றை ஏற்றுங்கள் என்றேன். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிள்ளை, வலை எங்கட சங்கத்துக்குரிய விஷயம் இல்லை. அந்தக் கோயில் பீடம் போத்துக்கீசர் காலத்து வேலை. அது போனால் போனதுதான்."

"வலை போனாலும் போனதுதான் ஐயா."

"சரி, சரி, பார்ப்பம்" என்றார். அவருடைய 'பார்ப்பம்' எனக்குத் தெரியாததா?

அனுமதி சங்கத்து ஆண்கள் சிலருக்கு மட்டும். பெண்கள் போகக்கூடாது. அந்த ஊர்க்காரர்கள், கோயிலுக்குச் சொந்தக்காரர்கள், அவர்கள் அறவே போகக்கூடாது. ஆகவே லொறி போன அன்றைக்குச் சம்மாட்டியும் மனைவியும் நானும் வீதியோரத்தில், ஒரு பூவரச மரத்தின் கீழ் மழைத்தூறலில் காத்து நின்றோம். சம்மாட்டி அதிகம் கதைக்காத மனிதர். வலை வந்தால் விரித்துக் காயப்போட வசதியாக, கொட்டில்களுக்குப் பின்னால் பற்றையை வெட்டி வெளியாக்கி வைத்திருந்தார்.

லொறி வந்தது. பீடம் வந்தது. அதைக் கீறல் விழாமல் கொண்டுவர வைக்கோலும் சாக்கும் சுற்றிய அக்கறையைப் பார்க்கவேண்டும். அந்தோனியார் சுரூபம் வந்தது. தீர்த்தத் தொட்டி வந்தது. மெழுகுதிரித் தண்டுகள், ஒரு பழைய கதிரை, ஏன், கோயில் கதவின் நிலையைக்கூடப் பெயர்த்துக்கொண்டு வந்திருந்தார்கள். சம்மாட்டி லொறியின் பின்பக்கம் ஏறி ஒவ்வொரு சாக்காக விலக்கிப் பார்த்தார். பிறகு இறங்கினார்.

"வலை எங்க ஐயா?" என்று நான்தான் கேட்டேன்.

"அது சரியான பாரம் பிள்ளை. நாத்தம் வேறை. பீடத்துக்குப் பக்கத்தில வைக்க ஏலாது. இன்னொரு பாசுக்கு எழுதிப்போட்டிருக்கிறன்." அப்போதும் தலைவரின் முகத்தில் மகிழ்ச்சி பொங்கியது. சம்மாட்டியின் தோளில் தட்டி, "உங்கட பொக்கிசத்தை மீட்டுத் தந்திட்டம்" என்றார். சம்மாட்டி "பெரிய உபகாரம் ஐயா" என்றார். நிலையைப் பெயர்த்த பிறகு கதவு என்ன ஆனது என்று கேட்டேன். சும்மா சாத்தி வைத்துவிட்டு வந்தார்களாம். ஓடும் இல்லை, இப்போது கதவும் இல்லை. அன்றைக்குப் பின்னேரம் பிடித்த அடைமழை நாள்கணக்கில் விடவில்லை. அது கூரையில் விழுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த வலைதான் நினைவுக்கு வந்தது. இன்னொரு பாஸ் வரவேயில்லை.

இத்தோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது, பாலன் பங்கு என்று சொல்வார்கள். நத்தாருக்கு முதல் நாள் இழுக்கிற வலையில் படுகிற மீனை விற்பதில்லை. அது பாலன் இயேசுவின் பங்கு. கடலுக்குப் போக ஆண் இல்லாத வீடுகளுக்கு, புருசனைக் கடலிலோ காய்ச்சலிலோ பறிகொடுத்தவர்களுக்கு, அதைப் பிரித்துக் கொடுப்பார்கள். கொடுக்கிற விதமும் ஒன்று உண்டு. சம்மாட்டி தானே மீன்கூடையைக் கொண்டுபோய் அந்த வீட்டு வாசலில் வைத்துவிட்டு, கூப்பிடாமல், திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார். வாங்குகிறவள் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. சம்மாட்டியின் மனைவி இதை எனக்குச் சொன்னபோது, இவ்வளவு நாகரிகம் நகரத்தில் எங்களுக்கு இல்லையே என்று நினைத்தேன்.

தலைவருக்கும் இது எப்படியோ எட்டிவிட்டது. உடனே, பாலன் பங்கை நாங்கள் மறுபடி நடத்தப்போகிறோம் என்றார். மீன்? யாரோ ஒரு கடற்படை அதிகாரி நன்கொடையாகக் கொடுத்த, தகரத்தில் அடைத்த ரின் மீன் இருந்தது. கரைவலைக்காரருக்கு ரின் மீன்! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அதையாவது விடுவோம், பசிக்கு எந்த மீனும் மீன்தான். ஆனால் மேடை போட்டு, குடும்பம் குடும்பமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எல்லா வீட்டுப் பெண்களுக்கும் கொடுப்பதாகத் திட்டம்.

"ஐயா, பாலன் பங்கு புருசன் இல்லாத பெண்டுகளுக்குக் குடுக்கிறது" என்றேன். "புருசன் பக்கத்தில நிக்க ஒருத்தியைக் கூப்பிட்டுக் குடுத்தா அவையளுக்கு எப்பிடி இருக்கும்?"

"எல்லாரும் கஷ்டப்பட்ட சனம்தானே. ஆளுக்காள் வித்தியாசம் காட்டலாமோ?"

"அப்ப மீனைச் சும்மா குடுப்பம். அந்தப் பெயரை விடுவம்."

"பெயரை விட்டால் அது வெறும் நிவாரணம் பிள்ளை. நிவாரணம் குடுக்க வேற கமிட்டி இருக்கு. பழக்கத்தைக் காப்பாத்தத்தானே நாங்கள் இருக்கிறம்."

சுவரோடு கதைத்த மாதிரி இருந்தது. மற்றவர்கள் தலையாட்டினார்கள். மகளிர் பகுதிதான் பங்கை எடுத்துக் கொடுக்கவேண்டும் என்று தீர்மானித்துக் கூட்டத்தை முடித்தார்கள். விட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்தேன். பிள்ளைகளின் உடுப்பு என் கையில் இருந்தது. அதனால் போனேன்.

நத்தாருக்கு முதல் நாள் காலை மழை கொஞ்சம் வெளித்திருந்தது. வலை காயப்போடவென்று சம்மாட்டி வெட்டி வைத்த வெளியில்தான் பந்தல் போட்டிருந்தார்கள். நடுவில் பீடம், அதன்மேல் அந்தோனியார், பக்கத்தில் ரின்கள் அடுக்கிய மேசை. மேசைக்குப் பின்னால் நான். தலைவர் முன்னோரின் பெருமை பற்றி நீளப் பேசினார். பிறகு, மரியாதையாக இருக்கட்டும் என்று நினைத்து, முதல் பங்கு வாங்கச் சம்மாட்டியின் மனைவியைக் கூப்பிட்டார்.

சம்மாட்டி அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றார். ஒரு கிழவி "அந்தோனியாரே" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். புருசன் உயிரோடு நிற்க அவளை அறுதலிகளின் பங்கு வாங்கக் கூப்பிடுகிறார்கள், அதுவும் கூடையை வாசலில் வைத்துவிட்டு வருகிற அந்த மனிதரின் மனைவியை. பெண்கள் எல்லோரும் ஒரு அடி பின்னால் போனார்கள். ஒரு பெண் தன் புருசனின் கையைப் பிடித்துக்கொண்டாள். தலைவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்தார். "வாங்கோ, வாங்கோ, வெக்கப்படாதேங்கோ" என்று சிரித்தார்.

அவர்கள் போய்விடவேண்டும் என்று நான் மனதார வேண்டினேன். ரின்கள் கிடந்து கறள் பிடிக்கட்டும், எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடட்டும், அப்போதாவது இந்த மனிதருக்கு உறைக்கும் என்று நினைத்தேன். ஆனால் குழந்தைகள் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் கிழமை முழுவதும் துறைமுகத்தில் அவர்களின் ஆண்களுக்கு வேலையே இருக்கவில்லை.

சம்மாட்டியின் மனைவி முன்னால் வந்தாள். முந்தானையை விரித்துப் பிடித்தாள்.

"தாங்கோ ரீச்சர்" என்றாள். எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னாள். "வலை போனாப் பிறகு கடலுக்குப் போற ஆம்பிளை எந்த வீட்டில இருக்கு? எங்கள் எல்லாருக்கும் இது உரிய பங்குதான்."

நான் எடுத்துப் போட்டேன். அவள் பின்னால் மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக வரிசைக்கு வந்தார்கள். புருசன்மார் ஒதுங்கி நின்று நிலத்தைப் பார்த்தார்கள். முடிவில் தலைவர், இந்தப் பழக்கத்தைச் சங்கம் இனி வருடா வருடம் நடத்தும் என்று அறிவித்தார். எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள். சம்மாட்டியும் மரியாதைக்குக் கை தட்டினார்.