சந்தனப் பொட்டு வச்ச லென்ஸ்

திருமயம் கோட்டைக்கு எதுத்தாப்புல, சைக்கிள் கடைய ஒட்டி, ஆவுடையப்பனோட போட்டோக் கடை. பதினாலு வருசமா அவருக்குத் தெரிஞ்சது ஒரே காமிராதான். மூணு காலு, கறுப்புத் துணி, கண்ணாடித் தகடு. துணிக்குள்ள தலைய விட்டா லென்ஸ் எதைப் பாக்குதோ அதையேதான் இவரும் பாப்பாரு, தலைகீழா.

அப்பேர்ப்பட்ட மனுசன் கையில முப்பத்தாறாம் வருசம் ஐப்பசியில ஒரு ஜெர்மன் காமிரா வந்து சேந்துச்சு பாருங்க! உள்ளங்கையில அடங்குது. சினிமா பிலிம் போடுறது. மேல இருக்குற சின்ன ஜன்னல் வழியாப் பாத்தா ஆளு ரெண்டாத் தெரிவாரு. வளையத்தைத் திருகத் திருக ரெண்டும் நகந்து ஒண்ணாச் சேரும். சேந்துட்டா தூரம் சரி, அமுக்கிட வேண்டியதுதான். அன்னைக்குப் பூராவும் கடை வாசல்ல போன மாடு, தபால்காரரு, கோட்டைச் செவுரு எல்லாத்தையும் ரெண்டாக்கி ஒண்ணாக்கிக்கிட்டே இருந்தாரு. சோறு ஆறிப் போச்சு.

குடுத்தது அண்ணாமலை செட்டியாரு. ரங்கூன்ல யாவாரம். மூணு வருசம் அங்கிட்டு, கொஞ்ச மாசம் இங்கிட்டு. காமிராவோட ரெண்டு லென்ஸும் கொண்டாந்திருந்தாரு. ரெண்டும் ஒரே அளவு, நம்ம கண்ணு பாக்குற மாதிரியே பாக்குற சாதா லென்ஸ். வித்தியாசம் வெளிச்சத்துல. ஒண்ணு ரெண்டாம் நம்பரு, அகலக் கண்ணு, இன்னொண்ணை விட மூணு மடங்கு வெளிச்சம் உள்ள வாங்கும். மத்தது மூணரை நம்பரு, சின்னக் கண்ணு.

"காமிரா ஒனக்குத்தான் ஆவுடையப்பா. லென்ஸுல ஒண்ணை நீ எடுத்துக்க, இன்னொண்ணு எனக்கு. ஆனா மொதல்ல எம்மகளையும் என்னையும் சேத்து ஒரு படம் எடு. மூணு நாள்ல கெளம்புறேன்"னாரு செட்டியாரு.

அவரு சம்சாரம் சேதுலட்சுமி ஆச்சி கதவோரம் நின்னு சொன்னாக: "இவுக போன தடவை கப்பலேறுனப்ப புள்ள எவ்வயித்துல. திரும்பி வர்றப்ப அவளுக்கு ரெண்டரை வயசு. 'யாரோ வந்துருக்காக ஆத்தா'ன்னு எஞ்சேலைக்குள்ள ஒளிஞ்சா. அப்பாதான்னு தெரிஞ்சு அப்பச்சின்னு கூப்புட ரெண்டு மாசம் ஆச்சு. செவுத்துல தொங்குற, கோட்டு போட்ட இவுக படத்தைக் கண்டா பயப்படுறா. இவுக மடியில இவ இருக்குற மாதிரி ஒரு படம் வேணும். தெனம் காட்டி வளத்துருவேன். அடுத்த தடவை யாரோன்னு சொல்லக் கூடாது."

வெளிய அடைமழை. வீட்டுக்குள்ள பகல்லயே இருட்டு. பழைய காமிராவுல எடுத்தா அரை நிமிசமாச்சும் ஆடாம ஒக்காரணும். புள்ள அழகம்மாளோ ஓடுற பல்லி. ஆவுடையப்பன் யோசிக்கவே இல்ல, ரெண்டாம் நம்பரு லென்ஸைத்தான் மாட்டுனாரு.

படம் எடுக்குறதுக்குள்ள சரஸ்வதி பூசை வந்துச்சு. கடையில இருக்குற கத்திரி, தட்டு, ஸ்டாண்டு எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வச்சாரு. புதுக் காமிராவுக்கு எங்க வைக்கிறது? கண்ணுதானே அதுக்கு எல்லாம்னு, லென்ஸ் கண்ணாடி நட்ட நடுவுல பெருசா ஒரு பொட்டு வச்சு, விழுந்து கும்புட்டாரு!

மறுநாள் விசயதசமி. காஞ்ச சந்தனத்தைத் தோள் துண்டால அழுத்தி அழுத்தித் தொடைச்சாரு. ஜன்னல் வழியாப் பாத்தாரு. எல்லாம் பளிச்சுனு இருந்துச்சு. நேரா செட்டியாரு வீடு. புள்ள துள்ளத் துள்ள இருவது படம். மத்தியானம் கடைக்கு வந்து கழுவி, ஒண்ணை அச்சுப் போட்டாரு.

மொகமே இல்ல.

பால்ல முக்கி எடுத்த மாதிரி வெள்ளை. எதுல செட்டியாரு, எதுல புள்ளன்னே தெரியல. இருவதும் அப்படியே. லென்ஸைக் கழட்டி வெளிச்சத்துல சாச்சுப் பாத்தாரு. கண்ணாடி மேல பூரா மயிரிழை மயிரிழையாக் கீறல். சந்தனத்துல இருந்த கல்லுத் தூளு, சட்டுனு கீறல் விழுற ஜாதியான அந்தக் கண்ணாடிய ராவிருச்சு. ஜன்னலு லென்ஸ் வழியாப் பாக்குறதில்லங்குறது அப்பத்தான் மண்டையில ஏறுச்சு. பழைய கறுப்புத் துணியா இருந்தா மொதப் பார்வையிலேயே தெரிஞ்சிருக்கும்!

மறுநாள் காலையில போயி ஒண்ணையும் மறைக்காமச் சொன்னாரு. வாசல்ல வண்டி நிக்கிது, பெட்டி ஏத்தியாச்சு.

"கண்ணாடியில போயாய்யா பொட்டு வச்சே?" செட்டியாரு தலையில அடிச்சுக்கிட்டாரு.

"வச்சது தப்பில்ல, தொடைச்சதுதான் தப்பு"ன்னாக ஆச்சி. சொல்லிப்புட்டு மொகத்தை அங்கிட்டுத் திருப்பிக்கிட்டாக.

"இன்னொரு லென்ஸ் இருக்குங்க. அரை நிமிசம் வேணாம், அரை செகண்டு புள்ள அசையாம இருந்தாப் போதும்"னு ஆவுடையப்பன் மூணரையை மாட்டி ஸ்டாண்டுல நிறுத்துனாரு.

அரை செகண்டு! மிட்டாய் குடுத்தாக, மடியில கெடக்கல. கிளி, காக்கான்னாக, எந்திரிச்சுத் தேடப் போயிட்டா. செட்டியாரு புடிச்சு இறுக்குனாரு, காலை ஒதைச்சுக் கத்துனா. ஜன்னல்ல அவ ரெண்டாவே தெரிஞ்சா. வண்டிக்காரரு வாசல்ல இருந்து ரயிலுக்கு நேரமாச்சுன்னு கொரல் குடுத்தாரு.

"போதும்யா, விடு." செட்டியாரு கை தளந்துருச்சு. "மறுபடி யாரோவாத்தான் வரணும்னு இருக்கு." சொன்னவரு ஓன்னு அழுதுட்டாரு. அத்தனை பெரிய மனுசன், தோளு குலுங்க!

புள்ள திகைச்சுப் போச்சு. பெரியவுக அழுவாகன்னு அதுக்குத் தெரியாதே. வாயைத் தொறந்தபடி, ஒத்தக் கைய அவரு கன்னத்துல வச்சு, செலை மாதிரி அப்படியே மொகத்தையே பாத்துச்சு. அந்தக் கை பட்டதும் செட்டியாரோட குலுக்கமும் நின்னுச்சு. ஆவுடையப்பன் பாத்த ஜன்னல்ல ரெண்டும் ஒண்ணாச் சேந்து நின்னுச்சு. அமுக்கிட்டாரு.

செட்டியாரு கீறல் விழுந்த லென்ஸைப் பையில போட்டுக்கிட்டு, "அங்க தேய்ச்சுத் தருவாகளான்னு பாக்குறேன்"னு சொல்லிட்டு வண்டியேறிட்டாரு. படத்தை அவரு பாக்கவே இல்ல.

ரெண்டு நாள் கழிச்சுப் படத்தைப் பாத்த ஆச்சி கை வாயைப் பொத்துச்சு. ஒவ்வொரு கண்ணீர்ச் சொட்டும் அம்புட்டுத் துல்லியம். "இவுக அழுதத இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் கண்டதில்ல. வெளிய காட்டிராதீங்க போட்டோக்காரரே"ன்னு சொல்லி, உள்ள கொண்டுபோயி வச்சுக்கிட்டாக.

மூணு வருசம் ஓடிருச்சு. செட்டியாரு வந்து எறங்குற அன்னைக்கு ஆச்சி ஆளனுப்புனாக. ஆவுடையப்பன் அதே மூணரையோட வாசல்ல நின்னாரு. வண்டி வந்துச்சு. செட்டியாரு வாயெல்லாம் பல்லா எறங்கி, ரெண்டு கையையும் விரிச்சாரு. "அழகு! யாருன்னு தெரியுதாத்தா?"

ஆறு வயசை எட்டப் போற புள்ள ஏற எறங்கப் பாத்துச்சு. "தெரியல"ன்னுச்சு.

ஆச்சி பதறிப் போனாக. "அடி, தெனம் காட்டுறேனே! அப்பச்சிடி!"

"இல்ல. எங்க அப்பச்சி அழுவாக. இவுக சிரிக்கிறாக."

விரிச்ச கையோட செட்டியாரு நின்னாரு. அவருக்கு ஒண்ணும் வெளங்கல. ஆச்சி உள்ள ஓடிப் படத்தை எடுத்தாந்து அவரு கையில குடுத்தாக. பாத்தாரு. மூணு வருசம் தன் வீட்டுல தான் இருந்த கோலத்தைப் பாத்தாரு. உதடு துடிச்சுச்சு, கண்ணு நெறஞ்சு தாடை வரைக்கும் வழிஞ்சுச்சு.

புள்ள கிட்ட வந்து, குனிஞ்ச அந்த மொகத்துக்கு அடியில தலைய விட்டு அண்ணாந்து பாத்துச்சு. "ஆமா ஆத்தா, அப்பச்சிதான்!"னு கத்திக்கிட்டே கழுத்தைக் கட்டிக்கிச்சு.

புள்ளையைத் தூக்கிக்கிட்டு, மூக்கை உறிஞ்சிக்கிட்டே செட்டியாரு இங்கிட்டுத் திரும்புனாரு. "யோவ் ஆவுடையப்பா, என்னத்தய்யா எடுத்துக் குடுத்துருக்கே? இப்ப நான் இவகிட்ட சிரிக்கிறதா வேணாமா?"