வெங்காயத்துக்கு மேலே ஏழு முகம்

அரியலூரிலிருந்து பெரம்பலூருக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறவள் நான். சிமெண்ட் லாரிக்குப் பின்னால் பஸ் ஊர்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் எனக்கு ஒரே பொழுதுபோக்கு, மற்றவர்களின் கட்டை விரலைப் பார்ப்பது. ஒரு கை மேல்கம்பியைப் பிடித்திருக்கும். மறு கையில் போன். கட்டை விரல் மட்டும் தள்ளிக்கொண்டே போகும். படிக்க முடியாத பக்கம் வந்தால் அந்த விரல் சற்றே தயங்கும், பிறகு மூடிவிட்டு வேறெங்காவது போய்விடும். அந்த விரல்தான் எனக்குச் சோறு போடுகிறது. பெரம்பலூரில் ஒரு டயர்க் கடையின் மாடியில் உட்கார்ந்து, கடைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் இணையப் பக்கம் செய்து கொடுக்கிறேன். கம்ப்யூட்டரோ போனோ, எதில் திறந்தாலும் அந்தத் திரைக்குத் தக்கபடி தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்கிற பக்கம்.

வருகிறவர்களிடம் நான் சொல்லும் விளக்கம் ஒன்றுதான். "பேன்ட்டு ஒருத்தர் அளவுக்குத் தைக்கிறது. வேட்டி எந்த இடுப்புக்கும் ஆகும். நான் குடுக்கறது வேட்டிங்க." ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், "இன்னிக்கு எத்தன வேட்டி வித்த?" என்றுதான் சாயங்காலம் விசாரிப்பார். மற்றவர்கள் சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டுவிடுவார்கள். மசியாத ஆள் ஒருவர்தான். என்னைப் பெற்றவர்.

வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே சின்ன வெங்காயம் போடுகிறவர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அப்பா அதற்குத் தலைவர். அவருடைய கூடப்பிறந்த அண்ணன், என் பெரியப்பா, இயக்குநர்களில் ஒருவர். தம்பி தலைவர், அண்ணன் வெறும் இயக்குநர் என்பதில் பெரியப்பாவுக்கு ஒரு புழுக்கம் உண்டு. வாய்விட்டுச் சொல்ல மாட்டார். மீசையை முறுக்குவதோடு சரி.

குழுவுக்கென்று எப்போதோ யாரோ செய்து கொடுத்த இணையப் பக்கம் இருந்தது. திறந்தால் காதுகுத்துக்கு வைத்த ஃப்ளெக்ஸ் போர்டு கெட்டது. தலைவரும் இயக்குநர்களுமாக ஏழு பேர், வெள்ளைச் சட்டை, கும்பிட்ட கை, பின்னால் ஒரு நீர்வீழ்ச்சி. வெங்காயத்துக்கும் நீர்வீழ்ச்சிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "அது ஒரு அழகு பாப்பா" என்றார் அப்பா. கம்ப்யூட்டரில் பார்த்தால் அந்த அழகு தெரியும். போனில் திறந்தால் மொத்தப் பக்கமும் சுருங்கிப்போய், ஏழு பேரும் ஏழு மிளகு. போன் நம்பர் எங்கோ ஒரு மூலையில். விரலால் விரித்து, இழுத்து, தேடித்தான் அதைப் பிடிக்க வேண்டும். எந்த வியாபாரிக்கு அவ்வளவு பொறுமை இருக்கிறது?

போன வருடம் அது அப்பாவின் கழுத்துக்கே வந்துவிட்டது. அறுவடை நேரத்தில் விலை படுத்துக் கிடந்தது. "யாரும் அவசரப்பட்டு விக்காதீங்க. பட்டறையில போட்டு வைங்க. நல்ல ஏவாரியா நான் கொண்டாறேன்" என்று ஊரைக் கூட்டி வைத்து வாக்குக் கொடுத்துவிட்டார். ஊரும் கேட்டது. வயலோரத்தில் மூங்கில் தட்டி கட்டி, மேலே கூரை போட்டு, காற்றாட வெங்காயத்தைக் குவித்து வைத்தார்கள். அதற்குத்தான் பட்டறை என்று பெயர். விலையும் ஏறியது. ஆனால் அந்த விலை கொடுத்து வாங்க நல்ல வியாபாரியைத்தான் காணோம். வானம் மட்டும் தினமும் தவறாமல் மூட்டம் போட்டது. பட்டறைக்குள் மழை இறங்கினால் வெங்காயம் அழுகும், இல்லாவிட்டால் முளைவிடும். அப்புறம் அதைச் சீந்த ஆள் இருக்காது.

அப்பா டீக்கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். "பொழுதுக்கும் வானத்தையே பாத்துக்கிட்டு உக்காந்துருக்காரு, ஒரு வாய் சோறு எறங்கல" என்று அம்மா போனில் அழுதாள். யாரைக் கேட்டு வாக்குக் கொடுத்தார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அந்தப் பக்கத்த எங்கிட்டக் குடுப்பா. போன்ல ஒழுங்காத் தெரியிற மாதிரி மாத்தித் தரேன்."

"மாத்து. ஆனா மொகத்துல மட்டும் கை வெக்காத" என்றார்.

மாற்றினேன். ஏழு பேரும் என் மாடிக்கு ஏறி வந்தார்கள். ஏதோ பஞ்சாயத்து போலிருக்கிறது என்று டயர்க் கடைக்காரர் கீழிருந்து எட்டிப் பார்த்தார். கம்ப்யூட்டரில் காட்டினேன். ஏழு முகமும் ஒரே வரிசையில், தோளோடு தோள். எல்லோருக்கும் பரம திருப்தி. டீ குடித்தார்கள், பஜ்ஜி தின்றார்கள், போயிட்டு வரோம் என்று கிளம்பினார்கள். பஸ் ஏறியிருக்கக்கூட மாட்டார்கள், பெரியப்பாவிடமிருந்து போன் வந்துவிட்டது.

"ஏ புள்ள, என்னா வேல பண்ணி வெச்சிருக்க? எல்லாருக்கும் கால்மாட்டுல போட்டுருக்கியே என்னைய!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அகலமான திரையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பவை, போனின் ஒல்லித் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிக்கொள்ளும். என் தொழிலில் இது அரிச்சுவடி. கடைச் சாமான்களை அப்படி அடுக்கினால் ஒரு பயலும் கேட்க மாட்டான். மிளகாய்க்குக் கீழே நானா என்று புளி சண்டைக்கு வருமா? ஆனால் சரிசமமாக நின்ற ஏழு மனிதர்களை நான் மேலே ஒருவர், கீழே ஒருவர் என்று ஆக்கிவிட்டேன். வாட்ஸப்பில் படம் வந்த வரிசையிலேயே போட்டிருந்தேன். பெரியப்பா படம்தான் கடைசியாக வந்தது. ஸ்டூடியோவில் மீசையைச் சரிசெய்ய நேரமாகிவிட்டதாம்.

"பெரியப்பா, போனக் கொஞ்சம் சாய்ச்சுப் புடிங்க. ரெண்டு ரெண்டாத் தெரியும்."

"பாக்குறவன் பூராவும் சாய்ச்சுப் புடிச்சுக்கிட்டா பாப்பான்?"

நியாயமான கேள்வி. 

வீட்டில் அவர் பேத்தி படிக்கிற டேப்லெட்டில் திறந்து பார்த்திருக்கிறார். அதன் அகலத்துக்கு மேலே மூன்று, அடுத்து மூன்று, மிச்சம் ஒருவர் மட்டும் தனியாக, நட்ட நடுவில். அந்த ஒருவர் பெரியப்பா! மூலஸ்தானத்தில் நிற்பதுபோல் இருந்ததாம். டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகக் காட்டினார். பார்த்தவர்கள் தங்கள் போனையும் திறந்து பார்த்தார்கள். அதில் அவர் இன்னும் கால்மாட்டில்தான் கிடந்தார்.

நான் சும்மா இருக்கவில்லை. வயதுப்படி அடுக்கினேன். "தலைவரு எப்புடி மூணாவதா வருவாரு?" என்று அப்பா பக்கத்து ஆட்கள் கிளம்பினார்கள். தலைவரை முதலில் போட்டேன். "தம்பிக்குக் கீழ அண்ணனா? எந்த ஊரு மொற?" என்றார் பெரியப்பா. ஏழையும் சின்னதாக்கி ஒரே வரிசையில் நெருக்கினேன். மறுபடி மிளகு. கடைசியில் மூளையைக் கசக்கி, திறக்கும்போதெல்லாம் வரிசை மாறி மாறி வருகிற மாதிரி செய்தேன். ஆளுக்கொரு முறை மேலே வரலாம், வம்பே இல்லை என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஏழு பேரும் வேலை வெட்டியை விட்டுவிட்டு, தான் மேலே வரும்வரை மூடி மூடித் திறந்தார்கள். வந்ததும் அதைப் படமெடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தார்கள். பெரியப்பாவுக்கு மட்டும் எத்தனை முறை திறந்தும் அப்பா முகமே மேலே வந்ததாம்.

"மவ செஞ்சா அப்பன்தான் மேல வருவான். எம் படத்த எடுத்துரு புள்ள. எம் பட்டறையும் ஒங்க கணக்குல கெடையாது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

இதுதான் அடிமடியில் கைவைத்த இடம். ஊரிலேயே பெரிய பட்டறை அவருடையது. வெளியூர் வியாபாரி வருவதென்றால் முழு லாரிச் சரக்குக்குத்தான் வருவான். பெரியப்பா வெங்காயம் இல்லாமல் லாரி நிறையாது. அன்றைக்கே ஒரு தூறலும் போட்டது.

நேராக ஊருக்குப் போனேன். அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், கண் மேகத்தில். எனக்கு வந்த ஆத்திரத்துக்குச் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"வெங்காயம் வாங்க வர்றவன் வெங்காயத்தப் பாக்கணுமா, ஒங்க மொகரையப் பாக்கணுமா? ஏழு பேரையும் தள்ளித் தள்ளி அவன் நம்பருக்கு வர்றதுக்குள்ள பட்டறையில வெங்காயம் மொளைச்சுப் பூவே வுட்டுரும்ப்பா!"

எப்போதும் என்னைவிடச் சத்தமாகக் கத்துகிறவர், அன்று துண்டால் திண்ணையைத் தட்டிவிட்டு என்னை உட்காரச் சொன்னார். எனக்கே பயமாகிவிட்டது.

"மொகமே இல்லாட்டியும் யாரும் நம்ப மாட்டான் பாப்பா" என்றார். "தெரியாத ஊருக்கு லாரி அனுப்புறவனுக்கு, யாருகிட்ட வாங்குறோம்னு ஒரு மொகமாவது வேணாமா?" பிறகு என்னைப் பார்த்தார். "ஒரே ஒரு மொகம்னா இந்த மேல கீழ வருமா?"

"எப்புடி வரும்? வராது."

"அப்ப அண்ணன் மொகத்த மட்டும் போடு."

"தலைவரு நீதானப்பா?"

"வாக்குக் குடுத்தவன் நானு. மொகம் அவருதா இருந்துட்டுப் போவட்டும்."

என் அப்பாவுக்கு ஃப்ளெக்ஸில் தன் முகத்தைப் பார்ப்பது எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். ஊர்த் திருவிழாவில் தன் படம் இருக்கிற போர்டுக்கு எதிரே வண்டியை நிறுத்திவிட்டு, செயின் கழன்ற மாதிரி குனிந்து குனிந்து பார்ப்பார். அப்படிப்பட்டவர் சொன்ன வார்த்தை இது. மற்ற ஐந்து பேரும் முனகினார்கள். ஆனால் தலைவரே தன் படத்தை எடுக்கச் சொன்ன பிறகு எந்த வாயால் கேட்பார்கள்?

பக்கத்தை மறுபடி செய்தேன். திறந்ததும் வெங்காயக் குவியல். அடுத்து பெரியப்பா, மீசையோடு. அவருக்குக் கீழேயே நம்பர். கட்டை விரலால் ஒரு தொடு, மணி அடிக்கும். நீர்வீழ்ச்சியை ஈவு இரக்கமில்லாமல் தூக்கிவிட்டேன். பெரியப்பா திறந்து பார்த்தார்.  மறுநாள் அவர் பட்டறைத் தட்டி குழுவுக்காகத் திறந்திருந்தது என்று அம்மா சொன்னாள்.

அந்த வாரமே போன் வரத் தொடங்கியது. பொள்ளாச்சிப் பக்கத்து வியாபாரி ஒருவர் பேசி முடித்து லாரியோடு வந்துவிட்டார். அன்று நானும் ஊரில் இருந்தேன். "போன மாசமே உங்க பக்கத்தத் தொறந்தேனுங்க. எழுத்து எறும்பாட்டம் இருந்துச்சு, மூடிப்போட்டேன். இப்பத்தானுங்க படிக்க முடிஞ்சுது" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பிறகு நேராகப் பெரியப்பாவிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானுங்களா தலைவரு? போன்ல பார்த்த மொகமேதானுங்க."

அப்பா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெரியப்பா அவரைப் பார்த்தார். கை மீசைக்குப் போனது, ஆனால் முறுக்கவில்லை. "தலைவரு அதோ நிக்கிறாருங்க" என்றார்.

லாரி போன மறுநாள் மழை கொட்டியது. எல்லாப் பட்டறையும் காலி. அப்பா குடையைப் பிடித்துக்கொண்டு டீக்கடைக்குப் போனாராம். அந்த மழைக்குள்ளேயே பெரியப்பா என்னைக் கூப்பிட்டார்.

"ஏ புள்ள, ஒங்கப்பன் படத்தையும் போடு."

நான் உஷாராகிவிட்டேன். "எங்க பெரியப்பா? ஒங்களுக்கு மேலயா, கீழயா?"

"மேலயும் வேணாம், கீழயும் வேணாம். பக்கத்துல போடு. போன்ல அப்புடி வருமா?"

"ரெண்டே பேருன்னா வரும் பெரியப்பா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் காட்டினேன். போனை நிமிர்த்திப் பார்த்தார். சாய்த்துப் பார்த்தார். மறுபடி நிமிர்த்தினார். எப்படித் திருப்பினாலும் அண்ணனும் தம்பியும் பக்கத்திலேயே இருந்தார்கள்.

"அண்ணன் மீச எங் கன்னத்துல இடிக்குது பாப்பா" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"கொஞ்சம் தள்ளி வெக்கட்டுமாப்பா?"

"வேணாம். இடிக்கட்டும்."