வெர்டெல் ஹார்க்ரோவின் இசைத்தாள்

சிகாகோவின் தெற்குப் பக்கம் நியூ பெத்தானியா பாப்டிஸ்ட் சபையில் கொயர் என்னும் பாடகர் குழுவை நடத்திய வெர்டெல் ஹார்க்ரோவுக்கு இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. இருபத்திரண்டு வருஷம் அதை யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டாள். ஞாயிறுதோறும் ஸ்டாண்டில் ஏதாவது ஒரு தாளை விரித்து வைப்பாள். நடுப்பாட்டில் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதை ஒரு பார்வை பார்ப்பாள். துணிச்சல்காரி, பக்கத்தைக்கூடத் திருப்புவாள்.

பகலில் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலை. பாட்டுகள் பிறந்தது அங்கேதான். கை கடிதங்களை அறை அறையாகப் போடும், மூடிய வாய்க்குள் பெண்களின் உச்சக்குரல் சொப்ரானோவும் தணிந்த குரல் ஆல்டோவும் ஆண்களின் மேல்குரல் டெனரும் மாறி மாறி ஓடும். அந்த மூன்றுதான், ஆண்களின் அடிக்குரலான பேஸ் கிடையாது. வியாழக்கிழமை ஒத்திகையில் ஒவ்வொரு வரிசைக்கும் அவரவர் பங்கைப் பாடிக் காட்டுவாள். அவர்கள் திருப்பிப் பாட வேண்டும். மூன்று தடவைக்கு மேல் பிசகுகிறவரைத் தன் கண்ணுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்துவாள். அதற்குப் பயந்தே பாதிப் பேர் வீட்டில் பாடிப் பார்த்துவிட்டு வருவார்கள். ஆராதனையில் அவள் வாய் திறப்பதில்லை, எல்லாம் கைதான். விரலைச் சுற்றினால் அதே வரி மறுபடியும். முஷ்டியை மூடினால் அறுபது தொண்டையும் ஒரு நொடியில் அடங்கும்.

1972-ல் அவளுடைய 'விடியுமட்டும் நிற்பேன்' பாட்டைச் செயின்ட் லூயிஸில் நடக்கும் சபைப் பாடகர் மாநாட்டுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். பத்து நகரத்துச் சபைகளிலிருந்து நானூறு பேர் சேர்ந்து பாடுவார்கள், அவளே கற்றுக்கொடுத்து நடத்த வேண்டும். ஆனால் பாட்டை இசைக்குறிப்பாக எழுதி அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் வேறொருவர் பாட்டு என்றது வந்த கடிதம். நாளெல்லாம் கடிதத்தோடு புழங்குகிறவளுக்கு இந்தக் கடிதத்தைப் பிரித்த பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

வேறு வழியில்லாமல் யூஸ்டஸ் க்ராப்ட்ரீயிடம் போனாள். அதே சபையின் மூத்தோர் கொயரை நடத்துகிறவர், இசைக் கல்லூரியில் படித்தவர். வெர்டெலின் பாட்டுகள் அவருக்கு வெறும் கூச்சல்.

"மிஸ்டர் க்ராப்ட்ரீ, எனக்கு நேரமே கிடைக்கல. நான் பாடுறேன், நீங்க எழுதிக் குடுத்துடுங்க."

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நேரந்தான் இல்லையா, சிஸ்டர்?"

"நேரந்தான்."

"சரி, அப்படியே வச்சுக்குவோம்."

அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. தலைக்கனம் பிடித்தவர்தான், வம்பு பேசுகிறவர் இல்லை. நான்கு மாலை உட்கார்ந்து எழுதினார். கை சும்மா இருக்குமா? அவள் இழுத்த இடங்களை நறுக்கென்று வெட்டி நேராக்கினார். போதாததற்கு பேஸுக்கு ஒரு வரியையும் சேர்த்துவிட்டார். வெர்டெல் அதை அழகாகப் புரட்டிப் பார்த்து, தலையாட்டி, தபாலில் போட்டாள்.

மாநாட்டில் நானூறு பேர் கையிலும் தாள். வெர்டெல் கையைத் தூக்கினாள். பாட்டு வந்தது, கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட சட்டை மாதிரி விறைப்பாக வந்தது. ஒரு கால்கூடத் தாளம் தட்டவில்லை. முஷ்டியை மூடினாள். முன் பெஞ்சில் அடுத்த பாட்டுக்காரர் கோப்போடு தயாராக இருந்தார். மாநாட்டுத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

டெட்ராய்ட்டிலிருந்து வந்த ஆல்டோ ஒருத்தி எழுந்தாள். "சிஸ்டர், மூணாம் பக்கம், ரெண்டாவது வரி. அங்க இழுக்கணுமா, வெட்டணுமா?"

வெர்டெல் மூன்றாம் பக்கத்தைப் பார்த்தாள். புள்ளியும் கோடும்தான் தெரிந்தன.

"தெரியாதும்மா," என்றாள். "இதுல என்ன எழுதியிருக்குன்னே எனக்குத் தெரியாது. எனக்கு இது வாசிக்க வராது. எப்பவும் வந்ததில்ல."

அவளுடைய சொந்தக் கொயர் அறுபது பேரும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார்கள். அவமானத்தில் காது சுட்டது. பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடலாம் என்று நினைத்தாள்.

"அப்பாடா," என்றது டெனர் வரிசையில் ஒரு குரல். "எனக்கும் வராது சிஸ்டர். பக்கத்துல இவர் வாயப் பாத்துத்தான் சமாளிச்சிட்டிருந்தேன்."

பக்கத்து ஆள் திரும்பினார். "அடப்பாவி, நான் உன் வாயயில்ல பாத்துட்டிருந்தேன்?"

கூடம் சிரித்து ஓய்ந்ததும் கை தூக்கச் சொன்னாள். வாசிக்கத் தெரிந்தவர்கள் ஐம்பது பேர்கூட இல்லை. வெளியூர்க்காரர்கள் எதிரில் படிக்காதவராகத் தெரியக் கூடாதென்று மற்றவர்கள் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"தாளையெல்லாம் நாற்காலிக்கு அடியில போடுங்க," என்றாள். சொப்ரானோவில் ஆரம்பித்தாள். ஒவ்வொரு வரிசைக்கும் மூன்று தடவை. இரண்டாவது வரியிலேயே கால்கள் அசைந்தன. தலைவர் கடிகாரத்தை மறந்து கைதட்டிக்கொண்டிருந்தார்.

சிகாகோக்காரர்களோடு வந்திருந்த க்ராப்ட்ரீ கடைசி வரிசையிலிருந்து கேட்டார். "அப்ப பேஸ் பாடுறவன் எங்க போறது, சிஸ்டர்?"

"டெனர்ல வந்து நில்லுங்க."

வந்து நின்றார். மேல் ஸ்தாயியில் அவர் குரல் கீறிப் போனது. "ஆண்டவரே, அவருக்கு உதவி செய்யும்," என்றார்கள் பின்னாலிருந்து, பாடுகிறவரின் பாடு திண்டாட்டமாகும்போது எங்கள் சபைகளில் சொல்வது போலவே. க்ராப்ட்ரீ நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் முயன்றார், மறுபடியும் கீறியது.

வெர்டெல் ஆர்கன்காரரைப் பார்த்து உள்ளங்கையைக் கீழே தாழ்த்தினாள். நானூறு பேருக்கும் சுருதி இரண்டு படி இறங்கியது. அதற்குப் பிறகு பதினேழு மாநாடுகளில் அவள் பாட்டு கற்றுக்கொடுத்தாள். ஒரு ஆளுக்காகச் சுருதியை இறக்கியது அந்த ஒரு தடவைதான்.