நண்டுக்கொட்டில் ராணி

கடற்கரைக் கிராமமான கீரியில் எங்கள் ஊர்க் கலையரங்குக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. வாசலில் பெரிய எழுத்தில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதை வாசித்துவிட்டு உள்ளே போகிறவர்கள்கூட வெளியே வந்தால் நண்டுக்கொட்டில் என்றுதான் சொல்வார்கள். யாரோ நண்டு பொதி செய்யக் கட்டி, பாதியில் கைவிட்டுப்போன தகரக் கொட்டில் அது. ஊர்ப் பெடியள் அதைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, ஒரு பக்கத் தொங்கலில் மேடை கட்டினார்கள். எவ்வளவு கழுவி என்ன, சனம் கூடி வெக்கை ஏறினால் பழைய நண்டு மெல்ல மணக்கத் தொடங்கிவிடும். பரதநாட்டியம் ஆடவந்த ஒரு பிள்ளை நடுவில் மூக்கைச் சுளித்ததை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். அபிநயமாக்கும் என்று முன்வரிசை கைதட்டியது.

ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது. விடியவிடியக் கடலில் நின்ற மனிசர் பின்னேரம் முகம் கழுவிக்கொண்டு வந்து அங்கே ஆர்மோனியத்தைத் தொடுகிற அழகை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை பெடியளின் இசைக்குழு, சனிக்கிழமை சின்னப் பிள்ளைகளின் நடனம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் கூத்துப் பழக்கம். இன்றைக்கும் அந்த ஒழுங்கு மாறவில்லை. நான் சொல்ல வருவது எனக்கு எட்டு வயதாயிருந்தபோது நடந்தது. வயதுதான் எட்டு, வாய் எண்பது.

அம்மா எங்கள் ஊர்க்காரி இல்லை. இலுப்பைக்கடவையில் வயல் செய்கிற சைவக் குடும்பம். அப்பா கீரியில் கடலுக்குப் போகிற வேதக்காரர். இரண்டு பேரும் விரும்பிக் கட்டினார்கள். அம்மாவின் தகப்பன், அதாவது என் அம்மப்பா, அவள் வீட்டு வாசலை இனி மிதியன் என்று சொன்னவர்தான். எங்கள் வீட்டுக்கு வரவும் இல்லை, அம்மாவோடு ஒரு வார்த்தை பேசவும் இல்லை. நான் பிறந்தபோதுகூட மனிசன் அசையவில்லை. அம்மாவின் தம்பி, என் மாமா மட்டும் மோட்டார் சைக்கிளில் புது அரிசியைக் கட்டிக்கொண்டு வந்து போவார். அவர் வந்தால் அம்மா மாட்டைக் கேட்பார், கிணற்றைக் கேட்பார், பக்கத்து வளவுக் கலியாணத்தைக் கேட்பார். எல்லாம் கேட்டு முடித்து, சாப்பிட்ட கோப்பையை எடுக்கும்போதுதான் மெல்ல, "ஐயா எப்பிடி இருக்கிறார்?" என்பார். அந்தப் பக்கத்தில் தகப்பனை ஐயா என்று கூப்பிடுவார்கள். எனக்கு அது தெரியாது. எங்கள் தெருவில் ஐயா என்றால் நரைத்த தலையோடு போகிற யாரும் ஐயாதான். அம்மா விசாரிப்பது தனக்குப் படிப்பித்த வாத்தியாரையாக்கும் என்று நினைத்திருந்தேன்.

மாமா நல்ல மத்தளக்காரர். கொட்டிலில் கூத்துத் தொடங்கியதிலிருந்து ஞாயிறு தவறாமல் வந்து வாசிப்பார். அந்த வருடம், கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் புதுக்கூத்து ஒன்று எழுதினார். நாட்டில் பஞ்சம் வருகிறது; ராணி மாறுவேசத்தில் போய்ச் சனத்தோடு சேர்ந்து கதிர் அறுக்கிறாள். அதுவரை எந்தக் கூத்திலும் ராணி எங்கள் பெரியப்பாதான். ராணிக்காக ஒவ்வொரு முறையும் மீசையைப் பலி கொடுத்துக் கொடுத்து மனிசன் அலுத்துப்போயிருந்தார். இந்த முறை கதிர் அறுக்கும்போது பாடுகிற அரிவி வெட்டுப் பாட்டு வருகிறது, அதை வயற்காரிதான் பாடவேண்டும், என்ரை அக்கா பாடட்டும் என்று மாமா சொன்னதும் பெரியப்பாதான் முதலில் தலையாட்டினார். அடுத்த நாளே மீசையை வளரவிடத் தொடங்கினார். அவரை ராஜாவாக்கினார்கள்.

அண்ணாவியாருக்கு அவ்வளவு விருப்பமில்லை. பொம்பிளைப் பிள்ளையின் குரல் பின்வரிசைக்கு எட்டாது என்றார். அம்மா சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு ஒரு அடி பாடினார். ஆத்தாடி! மீன் கழுவுகிற அம்மா, என் காதைத் திருகுகிற அம்மா, அந்தக் குரலை இவ்வளவு காலமும் எங்கே ஒளித்து வைத்திருந்தார் என்று நான் வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன். அண்ணாவியார் தாளத்தைக் கீழே வைத்துவிட்டு, "நீங்கள் பாடுங்கோ பிள்ளை," என்றார். அதன் பிறகு எட்டாத கதை எழவில்லை.

அந்தப் பாட்டுக்கு ஒரு முறை இருக்கிறது. வயலில் ஒரு வரிசை ஒரு அடியைப் பாடினால் எதிர்வரிசை அடுத்த அடியால் அதை ஏந்தவேண்டும். ஏந்த ஆளில்லாமல் ஒரு அடி நின்றால், வெட்டின கதிரை மண்ணில் போட்டு மிதித்த மாதிரி. வயற்காரர் அதைப் பொறுக்கமாட்டார்கள் என்று மாமா சொல்லித்தந்தார். கொட்டிலில் எதிர்வரிசை எங்கள் ஊர்ப் பிற்பாட்டுக்காரர்தான். கடற்காரராக இருந்தாலும் நன்றாகவே பழகினார்கள். கேட்டுக் கேட்டு எனக்கும் முழுப்பாட்டும் பாடம்.

கூத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது மாமா குசினியில் அம்மாவோடு கதைத்ததைக் கேட்டேன். "வீட்டு வாசலைத்தானே மிதியன் எண்டவர். கொட்டில் ஒருத்தற்றை வீடும் இல்லையே அக்கா. நான் கூட்டிக்கொண்டு வாறன்." அம்மா கறியைக் கிண்டிக்கொண்டே, "வரமாட்டார்," என்றார். பிறகு, "வந்தாலும் என்னைப் பாராமல் போயிடுவார்," என்றார். யாரென்று கேட்டதற்கு என்னை உப்பு வாங்கக் கடைக்கு அனுப்பிவிட்டார்கள்.

கூத்தன்று கோயிலில் சனம் இருக்கிற கதிரைகளெல்லாம் கொட்டிலுக்கு வந்துவிட்டன. இலுப்பைக்கடவையிலிருந்தும் ஒரு வான் நிறையச் சனம். அம்மா ராணி உடுப்போடு திரை இடுக்கால் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். சனம் கண்டால் என்ன நினைக்கும் என்று நான் அதட்டினேன். யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டால் ஒருத்தருமில்லை என்றார். ஒருத்தருமில்லாததற்கு ஏன் இப்படி எட்டி எட்டிப் பார்க்கவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. திரைச்சீலையில் பட்டுப் பொட்டு அழிந்து, பெரியப்பா ராஜா முடியோடு குனிந்து நின்று திரும்ப வைத்துவிட்டார்.

கூத்து அமோகம். பெரியப்பாவின் வரவுக்கு மேடைப் பலகை அதிர்ந்தது. பிறகு வயல் காட்சி. நான் முன்னால் பாயில் சப்பாணி கட்டிக்கொண்டு இருந்தேன். மாமா மத்தளத்தை மெல்லத் தட்ட, அம்மா பாடினார்.

"சாய்ஞ்ச கதிர் தாழ்வயலில் கிடக்குதே, ஏந்த ஆருமுண்டோ?"

பிற்பாட்டுக்காரர் வாய் திறக்கவில்லை. எல்லாரும் தங்கள் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மறந்துபோனார்கள் என்றே நினைத்தேன். அன்று அவர்களின் வாயைக் கட்டி வைத்தவர் மாமா என்பதைப் பல வருடங்களுக்குப் பிறகு பெரியப்பா சொல்லித்தான் அறிந்தேன். அம்மாவுக்கே அது தெரியாது. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. மாமாவைத் திரும்பிப் பார்த்தார். மாமா தலையைக் குனிந்துகொண்டு தட்டினார். அம்மா இரண்டாம் முறையும் அதே அடியைப் பாடினார். குரல் கொஞ்சம் உடைந்தது. நானே எழும்பிப் பாடிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் பின்வாசலிலிருந்து ஒரு கரகரத்த குரல் வந்தது.

"உண்டு உண்டு, இந்தா வாறேன், ஏந்த நானிருக்கேன்!"

முழுச் சனமும் திரும்பியது. வெள்ளைச் சால்வை போட்ட வயதான மனிதர் ஒருவர். கதிரை கொடுத்தும் இருக்காமல் வாசலோடு நின்றவர். அம்மா மேடை விளிம்புக்கு வந்து பார்த்தார். பிறகு அடுத்த அடியை எடுத்தார். அவர் ஏந்தினார். அம்மா எடுக்க அவர் ஏந்த, அவர் எடுக்க அம்மா ஏந்த, கதிரைகளுக்கு நடுவால் நடந்து நடந்து பாட்டு முடியும்போது மனிதர் மேடைக்குக் கீழே வந்துவிட்டார். அப்படி ஒரு பாட்டை நான் அதற்குப் பிறகு எந்த மேடையிலும் கேட்டதில்லை. கொட்டிலே எழும்பி நின்று கைதட்டியது.

எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. என்ன மனிதர் இவர்? அழைக்காமல் உள்ளே நுழைந்து, எங்கள் அம்மாவின் பாட்டில் பாதியைப் பறித்துக்கொண்டு போய்விட்டாரே.

கூத்து முடிந்ததும் தேடிப் போனேன். வெளியே தண்ணீர்ப் பைப்படியில் தனியே நின்றார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டேன்.

"ஐயா, நீங்கள் ஏன் இடையில பாடினனீங்கள்? எங்கட அம்மா எவ்வளவு பாடுபட்டுப் பழகினவா தெரியுமோ?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ அவளின்ரை பிள்ளையோ?" என்றார். ஓம் என்றேன். அப்படியே குந்தி இருந்து, சால்வையால் முகத்தைத் துடைத்தார்.

"பிழைதான் பிள்ளை. கொம்மாட்டப் போய்ச் சொல்லு, ஐயா எல்லாம் தன்ரை பிழையெண்டு சொன்னவரெண்டு."

செய்த பிழையை ஒத்துக்கொண்ட மட்டில் நல்ல மனிதர்தான் என்று நினைத்தபடி ஓடினேன். அம்மா மேடைக்குப் பின்னால் படியில் இருந்தார், கழற்றின ராணி முடி மடியில் கிடந்தது. சொன்னதை ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்தேன். "ஐயா சொன்னவர், எல்லாம் தன்ரை பிழையாம்."

அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு குழந்தைப்பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதார். பெரியப்பா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமாவுக்கு மத்தளத்தில் திடீரென்று ஏதோ வேலை வந்துவிட்டது. கூத்தைக் குழப்பியதற்குத்தான் அம்மா இப்படி அழுகிறார் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"அழாதேங்கோ அம்மா. அந்த ஐயாவை இனிக் கொட்டிலுக்குள்ள விடவேண்டாமெண்டு மாமாட்ட நானே சொல்லுறன்."

அம்மா எழும்பி, ராணி உடுப்போடேயே பைப்படிப் பக்கம் ஓடினார். நான் பின்னால் போகவில்லை. அம்மா ஏசத் தொடங்கினால் எப்படி ஏசுவார் என்று எனக்குத் தெரியும். அந்த மனிதர் நன்றாக வாங்கட்டும் என்று படியிலேயே இருந்துவிட்டேன்.