மஞ்சள் அடித்த டிவி

எங்கள் வீட்டு டிவி கெட்டுப்போய்விட்டது என்று முதலில் சொன்னவர் நைனா. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. டிவி ஓடிக்கொண்டுதான் இருந்தது. சத்தம் வந்தது, படம் வந்தது, திரையில் ஒரு கோடு கூட விழவில்லை. ஆனால் நைனா தறியிலிருந்து எழுந்து வந்து, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார்.

"இன்னாடி இது, வெள்ள வேட்டியெல்லாம் டீத்தண்ணியில முக்கின மாதிரி கீது? மஞ்சளா அடிக்குது பாரு."

நானும் பார்த்தேன். வேட்டி வெள்ளையாகத்தான் இருந்தது.

வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். சொன்னவர் நைனா ஆயிற்றே! ஆரணியில் எங்கள் தெரு முழுக்கப் பட்டுத்தறிதான். அந்தத் தெருவில் நிறத்தைப் பற்றி யாருக்குச் சண்டை வந்தாலும் பஞ்சாயத்து எங்கள் வீட்டில்தான். கல்யாணத்துக்கு ஜாக்கெட் துணி எடுப்பவர்கள்கூட நைனாவிடம் காட்டிவிட்டுத்தான் தைக்கக் கொடுப்பார்கள். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று வரும் உசத்தியான புடவைகளை பட்டுக்கடை முதலாளி நைனாவை நம்பித்தான் நெய்யக் கொடுப்பார். அப்படிப்பட்டவர் மஞ்சள் என்றால் அது மஞ்சள்தானே? கோளாறு என் கண்ணில் என்று முடிவு செய்து, வெளியே கொடியில் காய்ந்த என் பள்ளிக்கூடச் சட்டையைப் போய்ப் பார்த்தேன். அது உண்மையிலேயே கொஞ்சம் மஞ்சள்தான். எனக்கு இன்னும் குழம்பிவிட்டது.

மெக்கானிக் வந்தார். கடைத்தெருவில் சின்னதாக ரிப்பேர் கடை வைத்திருப்பவர். பின்பக்கம் கழற்றினார், ஊதினார், தட்டினார், திரும்ப மாட்டினார். "அண்ணே, செட்டு நல்லாத்தான் கீது. வேணும்னா கலரை கொஞ்சம் ஏத்தி வெச்சிட்டுப் போறேன்" என்றார். ஏற்றியும் வைத்தார். அதற்குப் பிறகு ஒரு வாரம் எங்கள் வீட்டில் செய்தி வாசித்தவர்கள் எல்லோருடைய முகமும் தக்காளி மாதிரி இருந்தது. நீலச் சேலை கண்ணைக் குத்தியது. அம்மா அடுப்படிப் பக்கமாகவே இருந்துகொண்டாள். நைனா மட்டும், "இப்போ கொஞ்சம் பரவாயில்ல" என்றார். நாலு நாள் கழித்து மறுபடியும் சரியில்லை என்றார்.

அந்த மாதம் நைனா யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தார். சாயம் போடுபவரோடும் சண்டை, நீலத்தைக் கருப்பாக்கிக் கொடுக்கிறார் என்று. எல்லாப் பேஜாருக்கும் டிவிதான் காரணம் என்று நான் நினைத்தேன். அது சரியாகிவிட்டால் நைனாவும் சரியாகிவிடுவார்.

ரிப்பேரா, புதுசா என்ற பேச்சு அப்படித்தான் ஆரம்பித்தது. எனக்குப் புதுசு வேண்டும். பக்கத்து வீட்டில் சுவரில் மாட்டுகிற தட்டை டிவி வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. எங்களுடையதோ பின்னால் முதுகு வைத்த பழைய பெட்டி. ஆனால் அம்மா இருக்கும்வரை அது நடக்காது என்று தெரியும். தேவிகாபுரத்தில் அவள் அப்பா ஒரு போக நெல்லை விற்று, கல்யாணச் சீராகக் கொடுத்த டிவி அது. உள்ளே பல்லி செத்து ஷார்ட் ஆனபோதும், ஸ்பீக்கர் கிழிந்தபோதும் தூக்கிப் போடலாம் என்று நைனா சொன்னார். இரண்டு தடவையும் அம்மா இரண்டு நாள் சரியாகப் பேசாமல் இருந்து ரிப்பேர் செய்ய வைத்தாள். தினமும் காலையில் முந்தானையால் அதன் முகத்தைத் துடைப்பாள். என் முகத்தை அவ்வளவு பொறுமையாகத் துடைத்ததில்லை.

மெக்கானிக் இரண்டாவது தடவை வந்தபோது தெருக்காரர்கள் இரண்டு மூன்று பேர் உள்ளே வந்து நின்றார்கள். மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டே, "எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலியேண்ணே" என்றார். நைனாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"இருவது வருசமா நூலோட கெடக்கறேன். எனக்குக் கலரு தெரியாதுன்றியா?"

மெக்கானிக் வண்டியிலிருந்து மீட்டர் எடுத்துவருகிறேன் என்று வெளியே போனார். அம்மாவும் பின்னால் போனாள். நானும் போனேன். கதவோரமாக அம்மா குரலைத் தாழ்த்திப் பேசியது எனக்கு நன்றாகக் கேட்டது.

"தம்பி, ட்யூப் போயிடுச்சின்னு சொல்லிடு."

"அக்கா, நல்ல செட்டுக்கா அது."

"தெரியும். நீ சொல்லு."

அவர் உள்ளே வந்து, ட்யூப் போய்விட்டது, இனிமேல் இதற்குச் செலவு செய்வது தண்டம், புதுசுதான் என்றார். நைனா நின்றிருந்தவர்களை எல்லாம் ஒரு பார்வை பார்த்தார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அம்மாவா? ரொம்ப நேரம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். அம்மாவுக்கும் தட்டை டிவி மேல் ஆசை வந்துவிட்டது. அதற்காக நைனாவை ஏமாற்றுகிறாள். அதிர்ச்சியாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. உயிரே போனாலும் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அன்றைக்கே தீர்மானித்தேன்.

புது டிவி வந்தது. நைனா அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். "ம், இது பரவாயில்ல" என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போய்விட்டார். பழையதை அம்மாவின் தம்பி வந்து, போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு அம்மா ரொம்ப ஒழுங்காகிவிட்டாள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்ன நூல்குச்சிக்குத் தார் என்று பெயர். ராட்டையில் நூல் சுற்றித் தார் போடுவது அவள் வேலை. எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுகிறவள், பச்சைக்கு ஒரு டப்பா, நீலத்துக்கு ஒரு டப்பா என்று பிரித்து வைத்தாள். நைனா கை நீட்டும்போது தானே எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த அமாவாசைக்குத் தறிக்கு லீவு. மாமா வீட்டுக்குப் போகலாம் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். நைனாவும் வந்தே ஆக வேண்டும் என்றாள். தேவிகாபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்தால் எங்கள் டிவி ஓடிக்கொண்டிருக்கிறது! வெள்ளை வெள்ளையாக, பச்சை பச்சையாக. அம்மா மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன்.

நைனா அதன் எதிரில் உட்கார்ந்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு என்னைப் பக்கத்தில் இழுத்து, நான் மட்டும் கேட்கிற மாதிரி, "பாப்பா, கலரு எப்பிடி கீது?" என்றார்.

அம்மா உள்கதவைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"சரியில்ல நைனா" என்றேன் சத்தமாக. "மஞ்சளாத்தான் அடிக்குது."

நைனா என் தலையைத் தடவினார். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார். "அதான் நான் அப்பவே சொன்னேன்" என்று மாமாவிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு, மூன்று தோசை கூடச் சாப்பிட்டார். ஊருக்கு வந்ததும், "தார நானே எடுத்துக்கறேன், நீ உன் வேலையப் பாரு" என்று டப்பாக்களை அம்மாவிடமிருந்து வாங்கிக்கொண்டார். அப்போது தறியில் நெய்த நீலப் புடவையை முதலாளி விரித்தபோது, நடுவில் இரண்டு முழத்துக்குப் பச்சை ஓடியிருந்தது. கடையில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். நைனாவுக்கு மட்டும் கடைசிவரை தெரியவில்லை.

வேலூர் ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணிலும் புரை என்றார்கள். ஆபரேஷன் ஆகிப் பார்வை திரும்பிவிட்டது. முதலாளி கொடுக்கிற நிறம்தான் திரும்பவில்லை. அதற்குப் பிறகு எங்கள் தறிக்கு ஒரே நிறப் புடவைதான் வந்தது. நான் காலேஜுக்குப் போன பிறகுதான் அம்மா ஒருநாள் சொன்னாள்: "தெருக்காரங்க எதிருல வாணாமேன்னுதான் ட்யூப் மேல பழியப் போட்டேன். கோளாறு உன் கண்ணுலன்னு நான் சொன்னா அவரு நம்ப மாட்டாரு. நீ உள்ளதச் சொல்லுவேன்னுதான் அன்னிக்கி அவரை உன் மாமா வூட்டுக்கு இட்டுகினு போனேன்."

அன்றைக்கு தேவிகாபுரத்திலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். கண் கலங்கியிருந்தது. எனக்கு நன்றி சொல்ல வாய் வராமல் தவிக்கிறாள் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. அவள் கையைப் பிடித்து, "பரவாயில்லம்மா, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றேன்.