மச்சினனுக்குத் திறந்த கேட்

துறைமுகத்தின் பாதுகாப்புத் திட்டத்தைப் பூட்டிய அலமாரியில்தான் வைக்க வேண்டும். எந்தக் கேட்டில் எத்தனை பேர், எந்தக் கேமரா எதைப் பார்க்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைப் புதுப்பித்து எழுதுவதும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடத்துவதும் என் வேலை. விதி என்று வந்துவிட்டால் நான் கறார் பேர்வழி. பெற்ற அப்பாவே வந்தாலும் பாஸ் இல்லாமல் விடக் கூடாது என்று காவலர்களுக்கு வகுப்பெடுப்பேன்.

அவர்களில் ஒருவர் கீழப்பாவூர்க்காரர், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவரை வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். மகள் கல்யாணம் முடியும்வரை இந்த வேலையில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பார். திங்கட்கிழமைகளில், வார விடுமுறை முடிந்து தென்காசி வீட்டிலிருந்து துறைமுகத்துக்கு வரும் என் காரில் பாவூர்சத்திரத்தில் ஏறிக்கொள்வார். வழி முழுக்க நான் அவருக்குத் தம்பி. துறைமுக கேட் வந்ததும் சார் ஆகிவிடுவேன்.

ஒருமுறை ஒத்திகைக்கு, துறைமுகத்தில் யாருக்கும் தெரியாத ஆள் தேவைப்பட்டான். பாஸ் இல்லாமல் ஒரு அட்டைப் பெட்டியோடு உள்ளே நுழையப் பார்க்க வேண்டும். பெட்டிக்குள் 'வெடிகுண்டு' என்று எழுதிய தாள் மட்டும் இருக்கும். சுந்தரபாண்டியபுரத்திலிருக்கும் என் மச்சினனைக் கேட்டேன். அவனுக்கு ஒரே குஷி. ஒத்திகை ஒரு திங்கட்கிழமை. அன்று காலை காரில் கீழப்பாவூர்க்காரரோடு ஊர்க்கதையெல்லாம் பேசினேன், இதைப் பற்றி மட்டும் மூச்சுக் காட்டவில்லை. அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

ஒத்திகை தொடங்கிய பத்து நிமிடத்தில் மச்சினன் பெட்டியோடு கப்பல் நிற்கும் இடத்துக்கே வந்து சிரித்தான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்டுக்குப் போனேன். அங்கே காவலுக்கு நின்றவர் கீழப்பாவூர்க்காரர்தான்.

"ஏன் அண்ணாச்சி, பாஸ் கேக்கலையா?"

"ஒங்க மச்சினன்லா சார்! குத்தால சீசனுக்கு ரெண்டு குடும்பமும் ஐந்தருவிக்குப் போனோம்லா? அங்கன வச்சு நீங்கதான சொன்னிய, நம்ம வீட்டுப் பிள்ளையா நெனச்சுக்கிடுங்கன்னு. சேந்து ஒக்காந்து சாப்பிட்டிருக்கோம். அவியகிட்ட போயி பாஸக் கேட்டா மரியாதையாவா இருக்கும்?"

சொன்னது உண்மை. ஈரத் துண்டோடு கூட்டத்தில் நின்று அறிமுகப்படுத்தியது நானேதான். அதைச் சுத்தமாக மறந்துபோயிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை தென்காசி வீட்டில் உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். 'காரணம்' என்று ஒரு கட்டம். எழுத இரண்டு காரணங்கள் இருந்தன. காவலர் பாஸ் கேட்கவில்லை என்பது ஒன்று. ஒத்திகைக்கு நான் அனுப்பிய ஆள் என் சொந்தக்காரன், காவலருக்குத் தெரிந்தவன் என்பது மற்றொன்று. இரண்டாவதை எழுதினால் என் தலை உருளும். முதலாவதை மட்டும் எழுதினேன். பயம்தான், வேறொன்றுமில்லை. அறிக்கையில் ஒரு வரிகூடப் பொய் இல்லை.

அடுத்த வாரமே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மகளுக்கு அப்போது மாப்பிள்ளைகூட அமைந்திருக்கவில்லை. அதற்கடுத்த திங்கட்கிழமை பாவூர்சத்திரத்தில் என் கால் தானாக பிரேக்கை மிதித்தது. அங்கே யாரும் நிற்கவில்லை. போன் போட வேண்டும் என்று பலமுறை நினைத்ததோடு சரி.

வீடு பக்கத்தில்தான் என்றாலும், இந்தச் சீசனுக்கு இரண்டு நாள் தங்கிக் குளிக்கலாம் என்று குற்றாலத்தில் ஒரு தங்கும் விடுதியில் அறை போட்டிருந்தோம். மச்சினனும் காரில் இருந்தான். விடுதி வாசலில் நீலச் சட்டை போட்ட காவலர் கை காட்டி நிறுத்தினார். அவரேதான். கண்ணாடியை இறக்கினேன்.

"அண்ணாச்சி, நல்லாருக்கியளா?"

"ஐடி கார்டு காட்டுங்க சார்."

கொடுத்தேன். படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்த அதே வரிசை. பிறகு பின்சீட்டுப் பக்கம் குனிந்து, "அவியளும் காட்டணும்" என்றார். மச்சினன் பர்ஸைத் துழாவி எடுத்துக் கொடுத்தான். இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டு கேட்டைத் திறந்தார்.

உள்ளே வந்ததும் மச்சினன் கேட்டான், "என்ன அத்தான், அவருக்கு நம்மள ஞாபகமில்லையா?"

"இருக்கு" என்றேன்.