ஆடிப் பதினெட்டு, காலை பத்தரை

காவிரியில் எந்தப் படி வரை தண்ணீர் என்று தினமும் குறித்து வைப்பது என் பழக்கம். கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்த வருஷத்தில் ஆரம்பித்தது. காலையில் அம்மா மண்டபம் படித்துறை வரை நடந்துபோய், நனையாத படிகளை மேலிருந்து எண்ணி, தமிழ்த் தேதி, கிழமை, மணி போட்டு நோட்டில் எழுதுவேன். மழை நாளென்றால் அதையும் சேர்த்துக்கொள்வேன். இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று வீட்டுக்காரர் கேட்பார். மறுநாளும் போய் எண்ணுவேன்.

அந்த நோட்டுகளை வைத்துத்தான் போனில் ஆடும் விளையாட்டு ஒன்றைச் செய்தேன். நிரல் எழுதப் படித்தவள் இல்லை நான். வங்கி வேலை முடிந்து வந்து, புத்தகமும் இணையமுமாக வைத்துக்கொண்டு, தைப் பூசத்தில் தொடங்கி வைகாசிக் கடைசியில் முடித்தேன். திரையில் படித்துறை இருக்கும். படிகளில் தாம்பாளத்தோடு பெண்கள் நிற்பார்கள். தண்ணீர் ஏறிக்கொண்டே வரும். பாதம் நனைவதற்குள் ஒவ்வொருவரையும் விரலால் தள்ளி மேலே ஏற்ற வேண்டும். ஆடி ஒன்று முதல் பதினெட்டு வரை பதினெட்டுக் கட்டங்கள். எந்தக் கட்டத்தில் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஏறும் என்பதெல்லாம் என் நோட்டில் இருந்தபடி. காவிரிப் படி என்று பெயர் வைத்து, நீலத் துளி ஒன்றை அடையாளமாகப் போட்டேன்.

முதலில் திருச்சி கே.கே. நகரில் இருக்கும் நாத்தனாருக்கு அனுப்பினேன். அவள் அதைத் தன் குடியிருப்புப் பெண்களின் வாட்ஸப் குழுவிலும், பள்ளிக்கூடத்து அம்மாக்கள் குழுவிலும் போட்டுவிட்டாள். ஆனி மாதம் பாலக்கரையில் ஒரு துணிக்கடைக்குப் போனபோது, கல்லாவில் இருந்த பெண் குனிந்து என் விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தாள். மீதிச் சில்லறைக்காக நான் நிற்கிறேன், அவள் நிமிரவே இல்லை. வீட்டுக்கு வந்து அதையும் தேதி போட்டு எழுதினேன். அவ்வளவு சந்தோஷம்.

ஆடி பதினாறு, வெள்ளிக்கிழமை. விடுப்பில் இருந்தேன். கடைசிக் கட்டம் ஆடிப்பெருக்கன்றுதான் திறக்கும்படி வைத்திருந்ததால், சரியாகத் திறக்கிறதா என்று பார்க்க போனின் தேதியை ஆடி பதினெட்டுக்கும் நேரத்தைப் பத்து இருபத்தொன்பதுக்கும் மாற்றினேன். ஒரு நிமிஷத்தில் போன் ஆலைச் சங்குபோல அலறியது. குளியலறையிலிருந்து வீட்டுக்காரர் முகத்துச் சோப்போடு ஓடி வந்தார். போனைப் பிடுங்கிப் படித்தார்.

“அஞ்சாம் படி வந்துருச்சா? தங்கச்சி படித்துறைக்குப் போறேன்னாளே, போன் போடு!”

“இது என் கேமுங்க. அவ போறது ஞாயித்துக்கிழமை.”

“கேமா?” கண்ணில் சோப்பு இறங்க அப்படியே நின்றார். “நானே நம்பிட்டேனே.”

அவர் துண்டைத் தேடிப் போனார். அவர் விட்டுப்போன போனை எடுத்து நானும் படித்தேன். திரையில் இருந்தது நான் சித்திரையில் எழுதி மறந்துபோன வாசகம். ‘அம்மா மண்டபம், காலை 10.30. மேலிருந்து ஐந்தாம் படி வரை தண்ணீர். கீழே நிற்பவர்கள் உடனே மேலே வரவும்.’ ஆடிப்பெருக்கன்று ஆட்களைத் திரும்ப விளையாட அழைக்க அப்படி எழுதி, ஒரு சங்குச் சத்தத்தையும் சேர்த்திருந்தேன். என் நோட்டில் எழுதும் அதே நடை. இது விளையாட்டு என்று சொல்லும் சொல் ஒன்றுகூட அதில் இல்லை. மேலே பொடி எழுத்தில் காவிரிப் படி என்ற பெயரும் நீலத் துளியும். ஏதோ அரசாங்க அறிவிப்பு மாதிரியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு அந்தப் படிகளில் நிற்க இடமிருக்காது. தாலிக் கயிறு மாற்றுகிறவர்கள், புதுப்பெண்கள், இடுப்பில் குழந்தையோடு வருகிறவர்கள். ஈரப்படியில் ஒருத்தி திரும்பி ஓடினால் போதும். என் கண்ணுக்கு அந்த ஒருத்தி நாத்தனார் முகத்தோடு தெரிந்தாள்.

இன்னும் மோசமானது அடுத்தது. சங்கு என் கையில் இல்லை. விளையாட்டைத் திறந்ததுமே அந்தந்தப் போன் தனக்குள் நேரத்தைக் குறித்துக்கொள்ளும். இங்கிருந்து என்னால் நிறுத்த முடியாது. பஞ்சாங்கத்தைப் பார்த்து, இந்த வருஷம் தொடங்கிப் பத்து வருஷத்து ஆடிப் பதினெட்டுகளையும் வேறு பட்டியலாக உள்ளே வைத்திருந்தேன். எத்தனை போன், யார் யார் போன் என்று தெரியாது.

சாயங்காலத்துக்குள் சங்கை எடுத்துவிட்டுப் புதிய கோப்பை நாத்தனார் வழியாகக் குழுக்களுக்கு அனுப்பினேன். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் நாத்தனார் கூப்பிட்டாள். “ஏற்கெனவே இருக்கு, எதுக்குத் திரும்பவும்னு கேக்குறாங்க அண்ணி. ரெண்டு பேர்தான் போட்டுருக்காங்க.”

ஆடி பதினேழு காலை, படித்துறையில் போட்டிருந்த போலீஸ் கூடாரத்துக்குப் போய், அங்கிருந்த காவலரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“இப்படி ஒரு சத்தம் வரும், பயப்படாதீங்கன்னு நான் மைக்ல சொன்னா, அதுலயே பாதிப் பேர் பயந்துருவாங்கம்மா. நாளைக்குக் காலைல இங்க வந்து நில்லுங்க. ஏதாவதுன்னா சொல்லிக்கலாம்.”

அவர் சொன்னது சரிதான். ஆனாலும் வேறு வழி தேடிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டில் பழைய போன் ஒன்று கிடந்தது. அதில் பழைய கோப்பைப் போட்டு, அரை மணியில் சங்கு ஊதும்படி தேதியை மாற்றி வைத்தேன். இடையில் பேட்டரி தீர்ந்து அணைந்துவிட்டது. சார்ஜில் போட்டுக் கடிகாரத்தைச் சரிபார்த்துக் காத்திருந்தேன். குறித்த நேரம் வந்தது, போயிற்று. சத்தமில்லை. மறுபடி வைத்து, நானே அணைத்துப் போட்டேன். சத்தமில்லை. மூன்றாம் தடவையும் இல்லை. மூன்றையும் மணியோடு எழுதிக்கொண்டு, காரணத்தைத் தேடிப் படித்தேன். அணைந்து எழும் போன், குறித்து வைத்த நேரத்தை மறந்துவிடுமாம். மறக்காமலிருக்க நிரலில் தனியாக நாலு வரி எழுத வேண்டும். அது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. எல்லாவற்றையும் சரிபார்த்து எழுதுகிறவள் என்று என்னை நினைத்திருந்தேன். விட்டுப்போன நாலு வரிதான் இப்போது ஒரே வழி. எல்லோரும் போனை ஒருமுறை அணைத்துப் போட்டால் போதும், பிறகு விளையாட்டைத் திறக்காமல் இருந்தால்.

உட்கார்ந்து ஒரு விளக்கம் எழுதினேன். என்ன தவறு, எந்தத் தேதியில் செய்தது, என்ன செய்ய வேண்டும் என்று பதினான்கு வரி. படித்துவிட்டு நாத்தனார் கூப்பிட்டாள்.

“அண்ணி, இது என்ன பரீட்சைப் பேப்பரா? மூணாவது வரியிலயே தூக்கம் வருது.”

“உள்ளதைச் சொல்ல வேணாமா?”

“சொல்லுங்க, யாரு படிப்பா? இருங்க, நான் ஒண்ணு எழுதுறேன்.”

ஐந்து நிமிஷத்தில் வந்தது. ‘ஆடிப்பெருக்கன்று காவிரித் தாயைக் கும்பிடப் புறப்படும் முன் உங்கள் போனை ஒரு நிமிஷம் அணைத்து வையுங்கள். வீடு திரும்பும் வரை அதில் எதுவும் விளையாடாதீர்கள். குடும்பத்துக்கு நல்லது. பத்துப் பேருக்கு அனுப்புங்கள்.’ கீழே ஒரு மஞ்சள் பூ.

“இப்படி ஒரு வழக்கமே கிடையாதேடி!”

“இன்னைக்கு ஆரம்பிச்சுட்டோம்ல! ஒரு நிமிஷம் போன் தூங்கப்போகுது, யாருக்கு என்ன நஷ்டம்? உங்க மனசாட்சிக்கு வேணும்னா அந்தப் பதினாலு வரியையும் அனுப்பிக்கோங்க.”

இரண்டும் போயின. இந்த மாதிரிச் செய்திகளுக்கு, ஆதாரம் எங்கே என்று கேட்டுச் சொந்தக்காரர்களிடம் கெட்ட பெயர் வாங்கியவள் நான். என் பதினான்கு வரிக்கு இரண்டு கட்டைவிரல் வந்தது. அவளுடைய மஞ்சள் பூ, விளக்கு வைக்கும் நேரத்துக்குள் என் வங்கித் தோழிகள் குழுவின் வழியாக எனக்கே திரும்பி வந்தது. அதற்குள் பத்துப் பேர் பதினொரு பேராகியிருந்தார்கள். கலசப் படம் ஒன்றும் சேர்ந்திருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. இன்னும் வேகமாகப் போகட்டும் என்றும் இருந்தது.

ஆடிப் பதினெட்டு. காலை ஏழேகாலுக்குப் பார்த்தபோது மேலிருந்து ஒன்பதாம் படியில் தண்ணீர். பத்து மணிக்குப் போலீஸ் கூடாரத்து மைக் கம்பத்தடியில் போய் நின்றேன். வரவேண்டாம் என்று சொல்லியும் நாத்தனார் வந்திருந்தாள். தாம்பாளத்தோடு ஏழாம் படியில் இறங்கி நின்றுகொண்டு, என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அவளுக்குக் கீழேயும் மேலேயும் தலைகள்தான். மாவிளக்கு, காதோலை, கருகமணி, மஞ்சள் கயிறு. பிரகாசமான வெயிலில் அத்தனை பேரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, நான் கைக்கடிகாரத்தின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காவலர் ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

பத்தரை ஆயிற்று. இடது பக்கம், ஆறாம் படி அருகே சங்கு கேட்டது.

ஒரு பெண் இடுப்புப் பையிலிருந்து போனை எடுத்தாள். அவள் உதடு அசைவது தெரிந்தது. பிறகு குரல். “ஏய், தண்ணி ஏறுதாம்டி!” பக்கத்தில் நாலைந்து தலைகள் திரும்பின. ஒருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேல்படியில் கால் வைத்தாள். நான் மைக்குக்காகக் காவலர் பக்கம் திரும்பினேன்.

“அட, அது போன் வெளையாட்டு, அக்கா!” நாத்தனாரின் குரல், கணீரென்று. “எங்க அண்ணி செஞ்சது! படியைப் பாருங்க, தண்ணி இருந்த எடத்துலதான் இருக்கு. அவங்களுக்கு வேற வேலையில்ல, தெனம் எண்ணுறாங்க!”

அந்தப் பெண் குனிந்து காலடியைப் பார்த்தாள். யாரோ சிரித்தார்கள். குழந்தைக்காரி தூக்கிய காலைக் கீழே வைத்தாள். அந்த நொடியில் வலது பக்கம் இன்னொரு சங்கு. அதற்கும் தலைகள் திரும்பின, முன்னைவிடக் குறைவாக. அப்புறம் இல்லை. பத்து முப்பத்தைந்து வரை நான் மூச்சை எண்ணிக்கொண்டு நின்றேன். இரண்டு போன்கள். அணைத்துப் போட்டபின் யாரோ மறுபடி திறந்து ஆடியிருக்க வேண்டும், அல்லது செய்தி அவர்களுக்குப் போகவேயில்லை. சரியான காரணம் எனக்கு இன்றுவரை தெரியாது. நோட்டில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

அடுத்த வருஷம் ஆடி பிறந்ததும் அந்தச் செய்தி வந்துவிட்டது. ஒரு நிமிஷம் மூன்று நிமிஷமாகியிருந்தது. பெரியவர்கள் காலத்திலிருந்தே வரும் வழக்கம் என்று எழுதியிருந்தது. பொய் என்று பதில் எழுத விரல் போயிற்று. எழுதவில்லை. பழைய கோப்பு எத்தனை போன்களில் இன்னும் கிடக்கிறதோ, என் பட்டியலில் இன்னும் ஒன்பது ஆடிகள் இருந்தன.

அந்த ஆடிப் பதினெட்டு காலையும் மைக் கம்பத்தடியில் போய் நின்றேன். பக்கத்தில் தாம்பாளத்தோடு நின்ற முன்பின் தெரியாத பெண் என் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

“இன்னும் ஆஃப் பண்ணலையா நீங்க? பண்ணணுங்க. நல்லதுன்னு சொல்றாங்க.”

“இதோ பண்ணிடுறேன்,” என்றேன். அவள் பார்த்துக்கொண்டிருக்க, அணைத்துப் பையில் போட்டுக்கொண்டேன். கைக்கடிகாரத்தில் பத்து இருபத்தெட்டு. மேலிருந்து பதினொன்றாம் படியில் தண்ணீர்.